மேலைச் சமயங்கள் என்னும் பாடமும் அதன் வார்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் சேரும் நம் பிள்ளைகள் முதலாண்டில் பொதுக்கல்வித் தேவைக்காக எடுக்கும் ‘மேலைச் சமய மரபுகள்’ என்னும் அறிமுகப் பாடத்தைப் பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் நடத்தும் அந்தப் பாடம் மறைமுகமான மதப் பிரசாரம் என்றும், பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு அது வீண்செலவு என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். செலவைப் பற்றி நான் வாதிடப் போவதில்லை. அது அவரவர் கையிருப்பைப் பொறுத்தது. ஆனால் அந்தப் பாடத்தை நாற்பத்தொரு வயதில், நியூ ஜெர்சியில் ஒரு சமுதாயக் கல்லூரியில், என் மகன் வயதுள்ள மாணவர்களோடு அமர்ந்து ஒரு பருவம் முழுவதும் படித்தவள் என்ற முறையில் பிரசாரம் என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. பாடத்தில் குறை உண்டு. அது வேறு வகையானது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒவ்வொரு நாளும் பள்ளி தொடங்கும்போது பைபிளிலிருந்து பத்து வசனங்களை வாசிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்த ஷெம்ப் குடும்பத்தினர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 1963 ஜூன் 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அந்த வாசிப்பு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி டாம் கிளார்க் அதிலேயே வேறொன்றையும் சொன்னார்: சமயங்களின் வரலாற்றையும் சமய நூல்களையும் சார்பில்லாமல், பொதுக் கல்வியின் பகுதியாகக் கற்பிப்பதற்கு இத்தீர்ப்பு தடையில்லை. வழிபாட்டுக்கு மூடிய கதவு ஆய்வுக்குத் திறந்தே இருந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் சமய ஆய்வுத் துறைகள் பெருகியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் அத்துறை 1964-இல் தோன்றியது. சபைகள் நடத்தும் தனியார் கல்லூரிகளின் நிலை வேறு. அங்கே இறையியலைக் கட்டாயப் பாடமாக வைக்கவும் இடமுண்டு. பெற்றோர் கவனிக்க வேண்டியது இந்த வேறுபாட்டை. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் பேராசிரியர் முதல் நாளே ஒரு விதி வைத்தார். “இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்” என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடையாது. “இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்” என்று எழுத வேண்டும். எழவில்லை என்று அடித்துச் சொல்வதற்கும் மதிப்பெண் கிடையாது. சொல்பவர் யார் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் இருந்தாக வேண்டும். வகுப்பில் பலருக்கு இது பெரும் தொல்லையாக இருந்தது. எனக்கோ பள்ளியில் மனப்பாடம் செய்த தொல்காப்பியத்தின் ‘என்மனார் புலவர்’ நினைவுக்கு வந்தது. யார் எந்தச் சமயத்தவர் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் எந்தச் சமயத்தவர் என்பதும் பருவம் முடியும்வரை எங்களுக்குத் தெரியவில்லை. பிரசாரம் செய்ய வந்தவர் இவ்வளவு சிரமப்பட மாட்டார்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். வேதக்கோயில் மணியோசையும் மேலப்பாளையத்திலிருந்து வரும் பக்ரீத் விருந்தும் எனக்குப் புதியவையல்ல. ஆகையால் மூன்றில் இரண்டு பங்கு எனக்கு முன்பே தெரியும் என்ற மிதப்பில்தான் வகுப்புக்குப் போனேன். யூதர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவர்களைப் பற்றி அறிந்ததெல்லாம் ஞாயிறு பள்ளிக்குப் போன தோழிகள் சொன்ன கதைகளில் வந்த ‘பரிசேயர்’ என்னும் யூதப் பிரிவினர் மட்டுமே. பரிசேயன் என்றால் வேடதாரி என்பதுதான் எங்கள் ஊர் வழக்கு. கி.பி. 70-இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு பலிகளும் குருமாரும் இல்லாமற்போன ஒரு சமூகத்தை, நூலையும் விவாதத்தையும் கொண்டு நிலைநிறுத்திய ரபிமார் என்னும் யூத ஆசிரியர்களின் முன்னோடிகள் அந்தப் பரிசேயர்களே என்பதை அறிந்த நாளில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு சமயத்தை இன்னொரு சமயத்தின் வழியாக மட்டுமே கேட்டறிந்தால் என்ன நேரும் என்பதற்கு நானே சான்று.

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதின் ஒரு பக்கத்தைப் பேராசிரியர் திரையில் காட்டியபோது வகுப்பே திகைத்தது. ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் வாய்மொழிச் சட்டத் தொகுப்பும் அதன்மேல் எழுந்த விவாதங்களும் நடுவில் இருக்க, ஒரு பக்கத்தில் பதினோராம் நூற்றாண்டின் ராஷி என்னும் ரபியின் உரை, மறுபக்கத்தில் அவருக்குப் பின்வந்தோர் எழுப்பிய மறுப்புகளும் விளக்கங்களும். இந்த அமைப்பில் முழுத் தல்மூதையும் முதலில் அச்சிட்டவர் வெனிஸ் நகரத்து டேனியல் பொம்பெர்க் என்னும் கிறிஸ்தவர் என்பது இன்னொரு வியப்பு. நாளொன்றுக்கு ஒரு தாள் வீதம் உலகெங்கும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். 1923-இல் தொடங்கிய அந்த வழக்கத்தில் 2,711 தாள்களை முடிக்க ஏழரை ஆண்டுகள் ஆகின்றன. “விடை எது என்று சொல்லாமல் ஏன் இத்தனை பேர் வாதிடுகிறார்கள்?” என்று ஒரு மாணவர் கேட்டார். குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி எழாது. பரிமேலழகர் பிறர் கொண்ட பாடத்தை எடுத்துக்காட்டி மறுக்கும் இடங்களைப் படித்தவர் தல்மூதின் பக்கத்தை அந்நியமாகப் பார்க்கமாட்டார்.

பாடத்தில் என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற கதை. அதை மூன்று சமயத்தாரின் வாசிப்பிலும் அடுத்தடுத்துப் படித்தோம். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில் மகன் ஈசாக்கு. பலிக்கு ஆடு எங்கே என்று அவன் கேட்கிறான். கத்தி ஓங்கியபோது தடுக்கப்படுகிறது. யூதர்கள் இதைப் பலி என்று சொல்வதில்லை, ‘கட்டுதல்’ என்று பொருள்படும் ‘அகேதா’ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். புத்தாண்டு விழாவில் ஜெப ஆலயத்தில் இதை வாசிக்கிறார்கள். விறகைத் தானே சுமந்து மலையேறிய ஈசாக்கில் சிலுவை சுமந்த இயேசுவின் முன்னடையாளத்தைக் கிறிஸ்தவத் திருச்சபையின் ஆதித் தந்தையர் கண்டார்கள். குர்ஆனின் 37-ஆம் அத்தியாயத்திலோ தந்தை தான் கண்ட கனவை மகனிடம் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்கிறார்; இட்ட கட்டளையைச் செய்யுங்கள் என்று மகன் இசைகிறான். அந்த இடத்தில் மகனின் பெயர் சொல்லப்படவில்லை. அது இஸ்மாயீல் என்பதே இன்று முஸ்லிம்களிடையே பரவலான கருத்து. ஆயினும் 923-இல் மறைந்த தபரி போன்ற பெரும் உரையாசிரியர் ஈசாக்கு என்ற கருத்தையே ஆதரித்தார் என்பதையும் படித்தோம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனத்தில் ஓடியது திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டரின் கதை. அங்கே கத்தி தடுக்கப்படுவதில்லை. அவருடைய மகன் சீராளன் அறுக்கப்பட்டுக் கறியாகி, பிறகே அழைத்த குரலுக்கு ஓடி வருகிறான். இன்னொரு வேறுபாடும் உண்டு. சிறுத்தொண்டர் கதையில் தாயும் உடனிருந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறாள். ஆதியாகமத்தின் அந்த அதிகாரத்திலோ ஈசாக்கின் தாய் சாராளின் பெயரே வருவதில்லை. அடுத்த அதிகாரம் அவளுடைய மரணத்தோடு தொடங்குகிறது. இந்த இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டா என்று பிற்காலத்து ரபிமார் கேட்டிருக்கிறார்கள் என்று பேராசிரியர் சொன்னபோது, நான் சிறுத்தொண்டரைப் பற்றிச் சொன்னேன். அதையே கட்டுரையாக எழுதித் தருமாறு கேட்டார். நம் கதை ஒன்றை எத்தனை முறை கேட்டும் நான் கேட்காத கேள்விகளைக் கேட்க வைத்தது அந்தப் பாடம். கட்டுரையாளர் ‘வீண்’ என்று எழுதியது இதைத்தான்.

இனி, குறை. எங்கள் பாடநூலில் ஒவ்வொரு சமயமும் ஒரே வரிசையில் வந்தது: நிறுவனர், வேதநூல், கோட்பாடு, பிரிவுகள், விழாக்கள். பார்ப்பதற்கு நேர்மையான வரிசைதான். ஆனால் ஒரு சமயம் என்றால் முதன்மையாக ஒரு நூலும் அதன்மேல் வைக்கும் விசுவாசமும் என்பது சீர்திருத்தக் (புராட்டஸ்டண்ட்) கிறிஸ்தவத்துக்குப் பொருந்தும் வரையறை. அந்த வார்ப்பில்தான் மற்றவை ஊற்றப்படுகின்றன. யூத மரபு 613 கட்டளைகளை எண்ணுகிறது. உண்பதும் ஓய்வதும் உழுவதும் கடன் கொடுப்பதும் அவற்றில் அடங்கும். “யூதர்கள் எதை நம்புகிறார்கள்?” என்ற கேள்விக்குப் பாடநூல் மைமோனிதீஸ் என்னும் யூத அறிஞர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வகுத்த பதின்மூன்று கோட்பாடுகளை எடுத்து நீட்டியது. கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணத்தைப் போலத் தோற்றம் தருவதாலேயே அது பாடநூல்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அதை அரபு மொழியில், மிஷ்னாவுக்கு எழுதிய உரையின் இடையே எழுதினார் என்பது ஓர் அடிக்குறிப்பாகக்கூட வரவில்லை. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் கலிமா என்னும் நம்பிக்கை உறுதிமொழி ஒன்று போக எஞ்சிய நான்கும் செயல்கள். அவற்றையும் ‘நம்பிக்கைகள்’ என்ற தலைப்பின் கீழேயே வைத்திருந்தார்கள்.

வேதநூலிலும் இதே கதை. எபிரெய வேதத்தை யூதர்கள் 24 நூல்களாக எண்ணுகிறார்கள்; அதே உள்ளடக்கம் சீர்திருத்தச் சபையாரின் பழைய ஏற்பாட்டில் 39 நூல்கள்; கத்தோலிக்கருக்கு வேறு சில நூல்களும் சேர்ந்து 46. எண்ணிக்கையைக் காட்டிலும் வரிசை முக்கியம். யூதர்களின் வரிசை நாளாகமம் என்னும் நூலில், எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்ற பாரசீக அரசன் கோரேசின் ஆணையோடு முடிகிறது. கிறிஸ்தவர்களின் வரிசை மல்கியா என்னும் நூலில், எலியா தீர்க்கதரிசி திரும்பி வருவான் என்ற வாக்குறுதியோடு முடிந்து, அடுத்த பக்கத்தில் மத்தேயு எழுதிய இயேசுவின் கதையைத் திறக்கிறது. முன்னது ஊர் திரும்புவதில் முடிகிறது; பின்னது வரப்போகிறவருக்குக் காத்திருப்பதில் முடிகிறது. எங்கள் வகுப்பில் வாங்கச் சொன்ன பிரதி பின்னதுதான்.

பதினைந்து வாரங்களில் அறிமுகத்துக்கு ஒன்று, யூதத்துக்கு நான்கு, கிறிஸ்தவத்துக்கு ஏழு, இஸ்லாத்துக்கு மூன்று வாரங்கள் என்பது எங்கள் பங்கீடு. இஸ்லாத்தின் மூன்றில் ஒன்று முழுவதும் அன்றாடச் செய்தி அரசியலில் போய்விட்டது. 680-இல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டதை இருபது நிமிடத்தில் கடந்தோம். 1517-இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய கிறிஸ்தவச் சீர்திருத்தத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தார்கள்.

‘மேலை’ என்ற பெயரும் இதே வார்ப்பிலிருந்து வந்ததுதான். விசுவாசப் பிரமாணம் 325-இல் உருவான நைசியா இன்றைய துருக்கியில் இருக்கிறது. பெரிய தல்மூத் பாபிலோனியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், தொகுக்கப்பட்டது. மேலைக் கிறிஸ்தவத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் அகஸ்டின் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தார். உலகில் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் கண்டம் ஆசியா. மலபார்க் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததை ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கடல் வணிகர் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலோ-சாக்சன் அரசனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ரோமிலிருந்து துறவிகள் இங்கிலாந்தின் கெண்ட் கரையில் இறங்கியது 597-இல்தான். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களுக்கு எங்கள் பாடநூலில் ஒரு வரியும் இல்லை. ‘ஆபிரகாமியச் சமயங்கள்’ என்று பெயரை மாற்றிய கல்லூரிகளும் உண்டு. திசைக்குழப்பம் அதனால் தீரும்; வார்ப்பு தீராது.

எனவே பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது, பாடத்தைத் தவிர்க்கச் சொல்லாமல், சேரும்முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்பதே. ஒவ்வொரு சமயத்துக்கும் எத்தனை வாரம், மூலநூலின் பகுதிகளைப் படிக்கிறார்களா அல்லது பாடநூலின் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார்களா, எபிரெய வேதத்துக்கு யூதர்கள் வெளியிட்ட மொழிபெயர்ப்பு பட்டியலில் இருக்கிறதா என்பவற்றைப் பார்த்தால் போதும். மூன்று சமயங்களின் முழு வரலாற்றையும் ஓட்டமாக ஓடும் பாடத்தைவிட, மூன்று நான்கு பகுதிகளை மூன்று கண் கொண்டும் நிதானமாகப் படிக்கும் பாடம் மேல்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையில் ‘முஸ்லிம்களின் கடவுளான அல்லா’ என்ற தொடர் இரண்டு இடங்களில் வந்திருக்கிறது. அரபு பேசும் கிறிஸ்தவர்களும் தங்கள் பைபிளில் கடவுளை அல்லா என்றே அழைக்கிறார்கள். அது அரபு மொழியில் கடவுளுக்கு உரிய சொல். நம் ஊரில் வேதக்கோயிலிலும் பள்ளிவாசல் தெருவிலும் சிவன் கோயில் வாசலிலும் ‘ஆண்டவன்’ என்ற ஒரே சொல் புழங்குவதைப் போன்றதுதான் அதுவும். அடுத்த கட்டுரையில் இதைச் சரிசெய்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
நியூ ஜெர்சி