வலி இல்லை என்று சொன்னாலும் ஈசிஜி எடுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

போன ஐப்பசியில் ஒருநாள் விடிகாலையிலேயே என் பெரியம்மா, "முதுகுல வாய்வு பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். வயது 58. ஓமத் தண்ணீர் குடித்தார், வீட்டில் எல்லோருக்கும் தோசை ஊற்றிப் போட்டார், அப்புறம்தான் ஒரு தனியார் கிளினிக்குக்கு வரச் சம்மதித்தார். அங்கே கேட்ட முதல் கேள்வி, "நெஞ்சு வலிக்குதாம்மா?" பெரியம்மா, "வலியெல்லாம் இல்லீங்க, அடைக்குற மாதிரி இருக்கு, வேர்க்குது" என்றார். கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வேறு இடத்தில் எடுத்த ஈசிஜியில்தான் மாரடைப்பு என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்று நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

மூன்று பிள்ளை பெற்றவர் அவர். அவருக்கு வலி என்றால் பிரசவ வலிதான். நெஞ்சில் வரும் இறுக்கத்தையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டார். அடைக்குது, கரிக்குது, படபடங்குது, தாடை கடுக்குது, கை அசந்து போச்சு, ஒரு மாதிரியா இருக்கு என்றுதான் எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். "நெஞ்சுல என்ன பண்ணுது?" என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

பெண்களுக்கும் மாரடைப்பில் பெரும்பாலும் நெஞ்சில்தான் ஏதாவது செய்யும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் அதோடு முதுகுவலி, குமட்டல், மூச்சுத்திணறல், காரணமில்லாத களைப்பு எல்லாம் ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வருவதால், நெஞ்சு பின்னுக்குப் போய்விடுகிறது. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளை வைத்து அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஆய்வில், நெஞ்சுவலியே இல்லாமல் வந்தவர்கள் பெண்களில் 42 சதவீதம், ஆண்களில் 31 சதவீதம். (ஆண்களிலும் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்!) மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று பார்த்து 1989-இல் முடிவு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 22,071 மருத்துவர்கள் இருந்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள். பெண்ணுக்கு வருவதை 'வழக்கத்துக்கு மாறான' அறிகுறி என்று ரொம்ப காலம் சொல்லிவந்ததில் ஆச்சரியமில்லை. யாருடைய வழக்கம்?

2023-இல் வந்த தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தால், மாரடைப்புக்கு முதலில் கொடுக்கும் மாத்திரைகளான ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் இன்று உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால்தானே அவற்றை எடுப்பீர்கள்? வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி என்பது உலகெங்கும் உள்ள விதி. நாற்பது தாண்டிய பெண் திடீரென்று வாய்வு, முதுகுப்பிடிப்பு, வேர்வை என்று வந்தால் அந்த விதி அவளுக்கும் உண்டு. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், தொந்தரவு நிற்காவிட்டால் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இதில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு சங்கடம் இருக்கிறது. ஈசிஜி லீடுகளை (நெஞ்சில் ஒட்டும் ஒயர்களை) சரியான இடத்தில் ஒட்ட ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். எதிரே நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், ஆண் ஊழியர் முன்னால், எந்தப் பெண்ணும் "பரவாயில்லைங்க, மாத்திரை மட்டும் குடுங்க" என்றுதான் சொல்வாள். எடுப்பவருக்கும் கூச்சம், லீடு இடம் மாறினால் படமும் மாறிவிடும். ஒரு திரையும் பக்கத்தில் ஒரு செவிலியரும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்றும் கேளுங்கள்: கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்ததா, மாதவிடாய் சீக்கிரமே நின்றுவிட்டதா என்று. இவை பின்னாளில் இதய நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று, கர்ப்பத்தில் தனக்கு அப்படி இருந்ததையே பெரியம்மா மறந்து போயிருந்தார். யாரும் கேட்கவும் இல்லை.

திரைச்சீலைக்கு நிதி வரவில்லை என்றால் சொல்லுங்கள். துணி எடுத்துத் தைத்துத் தர எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
மாதம் ஒருமுறை பெரியம்மாவை மாத்திரைக்கு அழைத்து வரும் பெண்