பச்சை விளக்கு மின்னியது, செய்தி போகவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் செயற்கைக்கோள் டிராக்கர் பற்றி நான் அனுப்பும் மூன்றாவது புகார் இது. முதல் இரண்டுக்கும் 'கருவியை வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வைக்கவும்' என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது, அதனால் இந்த முறை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் கிளைடரில், அதாவது எஞ்சின் இல்லாத விமானத்தில், நெடுந்தூரம் போயிருந்தபோது அதை மேலே தூக்கும் சூடான காற்றான தெர்மல் அடங்கிவிட்டது. திரும்பி வர உயரம் போதாமல் அறுவடை முடிந்த வயல் ஒன்றில் இறக்கினேன். எங்களுக்கு இது சகஜம்தான், ஒரு கீறல்கூட இல்லை. செல்போனில் சிக்னல் கிடைக்கவில்லை. சரி, இதற்காகத்தானே சந்தா கட்டுகிறோம் என்று 'பத்திரமாக இறங்கிவிட்டேன்' பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு மின்னியது, நானும் நிம்மதியாக இறக்கை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செய்தி யாருக்கும் போய்ச் சேரவே இல்லை! வரைபடத்தில் என் கடைசிப் புள்ளி நான் இறங்குவதற்கு 40 நிமிடம் முன்பே நின்றுபோயிருந்தது. மூன்று மணி நேரம் என் மனைவி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், கிளப்பில் கிளைடர்களை மேலே இழுத்துச் செல்லும் விமானத்தைத் தேடலுக்கு அனுப்பத் தயாராகிவிட்டார்கள்.

10 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று விற்கிறீர்கள். மணிக்கு 120 கிலோமீட்டரில் போகிற கிளைடர் அதற்குள் 20 கிலோமீட்டர் தாண்டிவிடும். 40 நிமிடம் என்றால் 80. எந்தத் திசையில் போய்த் தேடுவது?

காரணத்தை நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கார்பன் ஃபைபர் ரேடியோ அலையை மறைக்கும். என் கிளைடரின் உடல் முழுக்க அதுதான், கருவியை இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்தேன், ஏனென்றால் உங்கள் கையேட்டில் 'காக்பிட்டில் எங்கு வேண்டுமானாலும்' என்று போட்டிருக்கிறது. அதைவிட மோசம், இந்த மாடல் ஒருவழிக் கருவி, அனுப்பத்தான் தெரியும், பதில் வாங்கத் தெரியாது. அப்படியானால் பச்சை விளக்குக்கு 'நான் கத்திவிட்டேன்' என்பதுதான் அர்த்தம், 'யாரோ கேட்டுவிட்டார்கள்' என்பது இல்லை. பெட்டியின் மேல் மட்டும் 'செய்தி சென்றது' என்று எப்படி அச்சடித்தீர்கள்?

அப்புறம் அந்த விளம்பரம்: 'இனி தனியாக அவசர பீக்கன் தேவையில்லை.' இதை எழுதியவர் கிளைடரில் ஏறியிருக்கவே மாட்டார். பி.எல்.பி. என்பது ஆபத்தில் உதவி கேட்க ஆள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பீக்கன், அது 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு நேராகப் பேசுகிறது, சந்தா கிடையாது, முடுக்கிவிட்டால் குறைந்தது 24 மணி நேரம் தாங்கும், தேடி வருகிறவர்கள் கிட்டே நெருங்கியதும் பிடித்துக்கொள்ள 121.5 மெகாஹெர்ட்ஸில் தனியாக ஒரு சிக்னலும் விடும். விமானத்தில் பொருத்தும் பீக்கனான இ.எல்.டி. மோதிய அதிர்ச்சியிலேயே தானாக இயங்கும்படி செய்யப்பட்டது. உங்கள் டிராக்கருக்கோ பொத்தானை அழுத்த நினைவோடு ஒரு ஆள் வேண்டும். பாராசூட்டில் குதிக்க நேர்ந்தால் அது கிளைடரோடேயே போய்விடும். டிராக்கர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வழி நெடுகப் புள்ளி போட அது நல்ல சாமான்தான். பீக்கனின் வேலையை அது செய்யும் என்று சொல்லி விற்காதீர்கள், அவ்வளவுதான்.

மீதிச் சந்தாப் பணம் திரும்ப வேண்டும். கையேட்டிலும் பெட்டியிலும் அந்த இரண்டு வரிகளைத் திருத்துங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அதைத் தெரிவியுங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கும் நாளுக்கு முன் பதில் தேவை, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் சிக்னல் இதுவரை தவறியதே இல்லை.

இப்படிக்கு,
பி.எல்.பி.யைப் பாராசூட் பட்டையில் மாட்டிக்கொண்டு பறக்கும் உங்கள் வாடிக்கையாளர்