பாரிஸ் அண்ணைக்கும் மத்தவங்களுக்கும் ஒரு நன்றி மடல்

போன வாரம் பரணை ஒழிக்கும்போது பழைய தாமஸ் குக் ரயில் டைம்டேபிள் கிடைச்சுது, செவப்பு அட்டை, 1988. உள்ள சொருகியிருந்ததைப் பாத்ததுல இருந்து மனசு ஒரு எடத்துல நிக்கல, அதான் இத்தனை வருஷம் கழிச்சு இந்த மடல்.

அப்ப எனக்கு 24 வயசு, மான்செஸ்டர்ல படிச்சிட்டிருந்தேன். அப்பல்லாம் 26 வயசுக்குள்ள இருந்தா இன்டர்ரயில் பாஸ் எடுத்துட்டு ஒரு மாசம் ஐரோப்பா பூரா சுத்தலாம். ஆனா ஷெங்கன் விசாலாம் அப்ப ஏது, நம்ம பாஸ்போர்ட்டுக்கு நாட்டுக்கு ஒரு விசா, லண்டன்ல தூதரகம் தூதரகமா கால்கடுக்க நின்னேன். முதுகுப்பை, கைச்செலவுக்குக் காசு, இந்த டைம்டேபிள் எல்லாம் கொடுத்த ரூம்மேட்டுக்கு மொத நன்றி. (புக்கைத் திருப்பித் தரவே இல்ல, மன்னிச்சிக்க மச்சான்.)

ராத்திரி ரயில்தான் எங்களுக்கெல்லாம் லாட்ஜ். எதிரெதிர் சீட்டை இழுத்துச் சேத்தா படுக்கையாயிடும்னு காட்டிக் கொடுத்தது வெனிஸ் வண்டில வந்த ஒரு இத்தாலிப் பாட்டி, நான் கறி தொடமாட்டேன்னு கையாட்டி சொன்னதும் ரொட்டிக்குள்ள இருந்த பன்றிக்கறியை உருவிட்டு தக்காளி வச்சு நீட்டினாங்க, எங்க வீட்டு ஆச்சாரத்தையெல்லாம் மறந்துட்டு சாப்ட்டேன். காலைல ஸ்டேஷன் வாசலுக்கு வந்தா ரோடே இல்ல, நேரா கிராண்ட் கனால். பேந்தப் பேந்த முழிச்சவனை சரியான படகுல ஏத்திவிட்டதும் அந்தப் பாட்டிதான்.

திரும்பும்போது பாரிஸ் வண்டில அசந்து தூங்கிட்டேன், எந்திரிச்சா பர்ஸ் இல்ல. பாஸ்போர்ட்டும் பாஸும் இடுப்புப் பையில இருந்ததால பொழச்சேன். கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் பசியோட நிக்கறேன், "தம்பி, தமிழோ?"ன்னு ஒரு குரல். யாழ்ப்பாணத்துக்காரர், 83 கலவரத்துக்கப்புறம் வந்தவர், ரெஸ்டாரன்ட்ல கோப்பை கழுவற வேலை. பக்கத்து ஏரியா லா சப்பல்ல ஒரே ரூம்ல ஏழு பேர், எனக்கும் ஒரு மூலை கொடுத்தாங்க. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. அவருக்கு இன்னும் அகதி பேப்பர் வரல, பாரிஸைத் தாண்டினதில்ல, அதனால "வெனிஸ் எப்பிடி, ரோம் எப்பிடி"ன்னு விடிய விடிய என்னைப் பேச வச்சார்.

காலைல ரெண்டு 100 பிராங்க் நோட்டைப் பாக்கெட்ல திணிச்சு, "வச்சிரும், பிறகு பாப்பம்"னார். அந்த நோட்டுல கொடி பிடிச்சு முன்னால போற பொண்ணு இருப்பா, தெலக்ரூவா வரைஞ்சது, அன்னிக்கே லூவர்ல அசல் ஓவியத்தைப் பாத்தேன். கடன் காசுல மியூசியமான்னு கேக்காதீங்க, "வந்தனீர், பாத்திட்டுப் போம்"னு அனுப்பினதே அவர்தான்.

ஊர் போனதும் பணம் அனுப்பலாம்னு பாத்தா அட்ரஸ் சீட்டை சட்டையோட துவைச்சுப் போட்டிருக்கேன். செலவாகாத ஒரு நோட்டு மட்டும் டைம்டேபிள்ல, இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்ற கலே துறைமுகத்துக்குப் போற வண்டி நேரம் இருக்கற பக்கத்துலயே கிடக்குது. 2002ல யூரோ வந்து பிராங்க்கும் போச்சு.

பேர் கூட தெரியாது, ரூம்ல எல்லாரும் அண்ணைன்னு தான் கூப்பிட்டாங்க. அண்ணை, 88 ஆகஸ்ட்ல ஒரு பையனுக்கு சோறு போட்டது ஞாபகம் இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தக் கத்தரிக்காய்க் கறில என்ன போட்டீங்கன்னும் கேக்கணும், வீட்ல எத்தனை தடவை செஞ்சாலும் வரமாட்டேங்குது.