அப்பாவுக்கு, பெர்லினிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. கோபப்படாதீர்கள், ராத்திரி வேலை. 'அப்படி என்னதான் வேலை?' என்று செல்வி அத்தை கேட்டாராமே, சொல்கிறேன்.

இதயம் துடிக்கும்போது நெஞ்சுக்கு வெளியே துளியூண்டு காந்தப்புலம் உண்டாகும். பூமியின் புலத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதை சென்சாரில் பிடித்துவிடலாம். கூடவே வருகிற இரைச்சலைக் குறைப்பதுதான் பெரும்பாடு. ஈ.பி. லைன்மேனான உங்களுக்குக் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? அதையாவது ஃபில்டர் போட்டுத் தள்ளலாம். மெட்ரோ ரயில்தான் எமன். டி.சி. கரண்ட். வண்டி கிளம்பினால் புலம் மெதுவாக நகரும், துடிப்போடு கலந்துவிடும். அதனால் ஒரு மணிக்கு மேல், ரயில் நின்ற பிறகுதான் அளக்கிறோம்.

அறையைச் சுற்றி, வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் என்ற உலோகத் தகடு. இதே ஊரில் பி.டி.பி. என்ற தேசிய அளவியல் ஆய்வகத்தின் அறைக்கு ஏழு அடுக்கு, எங்களுக்கு இரண்டுதான். மிச்சத்துக்கு இரண்டு சென்சார்: ஒன்று நெஞ்சருகே, ஒன்று கொஞ்சம் மேலே. தூரத்து இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழும், கழித்தால் போய்விடும். கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டருக்குள் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து விட்டால் முள் அசையாதே, அந்த மாதிரி.

அம்மா செயினில் மாட்டிவிட்ட ஊக்கோடு உள்ளே போனால் ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் கோடு ஏறி இறங்குகிறது. கழற்றி வெளியே வைத்துவிடுவேன். தங்கத்தால் தொல்லையில்லை.

கீழ்வீட்டுப் பாட்டி பத்து மணிக்கு மேல் மிக்ஸி போட்டால் துடைப்பக்கட்டையால் இடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே கூடாதாம். சட்னியைச் சனிக்கிழமையே அரைத்துவிடுகிறேன், நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். பழைய கோட்டே போதும், பணம் அனுப்பாதீர்கள். பொங்கலுக்கு வர முடியாது. டிக்கெட் விலைக்காக இல்லை, வேலை இருக்கிறது.

சில ராத்திரி ஆள் கிடைக்காமல் நானே சென்சாருக்கு அடியில் படுத்துக்கொள்வேன். கதவைச் சாத்தியதும், மழையில் கரண்ட் போய் நீங்கள் டார்ச்சோடு கிளம்பிய ராத்திரிகளும், நீங்கள் திரும்பும்வரை அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வரும். அன்றைக்கு அளந்தது எதற்கும் உதவாது.

சரி, அது போகட்டும். டாக்டர் சொன்ன ஈ.சி.ஜி. எடுத்தீர்களா? சர்வேயர் வரும்போது தம்பி கூட இருக்கட்டும். மணி மாமா அவசரப்படுத்தினாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டாவில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்பு மகள்,
கயல்