மச்சான் என்று நீ அழைக்கிறவர்கள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவே அறையில் இருந்த யாரிடமோ, "மச்சான், கதவைச் சாத்துடா" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. நான்கு நாளாக அந்தச் சொல் என்னை விடவில்லை.

வகுப்பில் பையன்கள் மச்சான், மச்சி என்று அழைத்துக்கொண்டால் நான் கண்டித்திருக்கிறேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். வைத்தான் என்பது பேச்சில் வச்சான் ஆவதைப் போல, மைத்துனன்தான் மச்சினன் என்றும் மச்சான் என்றும் வழங்குகிறது. ஆண்டாள் தன் கனவில் கைத்தலம் பற்ற வந்தவனையே "மைத்துனன் நம்பி மதுசூதன்" என்கிறாள். மாமன் மகன், அத்தை மகன், அக்காள் கணவர், மனைவியின் உடன்பிறந்தவன் ஆகிய அத்தனை பேருக்கும் ஒரே சொல் வந்ததற்குக் காரணம், முறைப்பெண்ணைக் கட்டும் வழக்கத்தில் அவர்கள் ஒரே ஆளாகவே இருந்துவிட முடியும் என்பதுதான். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 1950 வாக்கில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துமோன், பங்காளி உறவு இறங்குவதைப் போலவே பெண் கொடுத்து எடுக்கும் உறவும் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்று எழுதினார்.

பங்காளியிடம் சொத்துக் கணக்கு இருப்பதால் பேச்சில் கவனம் வேண்டும். மச்சானிடம் கேலி பேசலாம், கோபித்துக்கொள்ளலாம், மறுநாளே ஒரே இலையில் சாப்பிடலாம். நண்பர்கள் எடுத்துக்கொண்டது அந்த உரிமையைத்தான். உன் பெங்களூரில் கன்னடப் பையன்களும் மச்சா என்கிறார்கள், இலங்கையில் சிங்கள இளைஞர்கள் மச்சாங் என்கிறார்கள். மலேசியாவில் மலாய்க்காரரும் சீனரும் நம்மவரை மச்சா என்று அழைக்கும்போது அது நட்பாகவும் இருக்கும், குரல் சற்று மாறினால் இளக்காரமாகவும் ஆகிவிடும். மொய் எழுதிய அன்று உன் அக்காவைக் கட்டிய மச்சான் சொன்னது இதில் எது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தீபாவளிக்குக்கூட நீ அக்காவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை என்றால் வயிற்றைக் காயப் போடாதே.

ஆண்டாளின் கனவில் அண்ணன்மார் அவள் கையை அச்சுதன் கைமேல் வைத்துப் பொரி அள்ளிப் போடுகிறார்கள். அக்காவின் திருமணத்தில் நீ பொரி போட்டபோது கை நடுங்கிப் பாதி பாயில் சிந்தியது. உன் முதல் சம்பளத்தில் வாங்கிய மோதிரத்தை மச்சான் விரலில் போட்டாய். அன்று என் மனம் நிறைந்திருந்தது. சென்ற வாரம் இங்கு வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது பார்த்தேன். விரல் தடித்துவிட்டது, மோதிரம் சதைக்குள் பதிந்திருக்கிறது. கழற்றினால் வராது என்றார். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீயும் கேட்பதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு என்று அவரிடமும் சொல்லி அனுப்பினேன்.

உன் மேலூர் மாமா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார் என்றுதான் உங்கள் இருவருக்கும் சொல்லி வளர்த்தேன். அது உண்மையல்ல. வீட்டுப் பாகத்துக்குப் பிறகு ஒன்பதாவது வருடம், ஒரு மாலை அவர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "மச்சான், சாப்பிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் பதில் சொல்லாமல் போனை உன் அம்மாவிடம் நீட்டினேன். அடுத்த மாதம் கோடித் துணியோடு அவர் வாசலில் நின்றேன். சாப்பிட்டேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தைப்பூசத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காது குத்து. யார் மடியில் உட்கார வைப்பது என்று அக்கா இன்னும் வாய் திறக்கவில்லை. உன் மச்சானுடைய போன் எண் மாறியிருக்கிறது. இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா