தம்பி குருமடத்துக்குப் போவதைப் பற்றி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

கத்தோலிக்கச் சாமியாராவதற்குப் படிக்கத் தம்பியைக் குருமடத்துக்கு அனுப்புவது அவனைத் தொலைப்பதற்குச் சமம் என்று எழுதியிருந்தாய். அயர்லாந்தில் நீ காணும் நிலையையும் சொல்லியிருந்தாய். 1795இல் தொடங்கப்பட்டு, ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்களால் நிறைந்திருந்த மேனூத் குருமடத்தில் இப்போது சொற்பமானவர்களே குருத்துவத்துக்குப் படிக்கிறார்கள். அந்த நாட்டார் தங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் இடத்துக்கு நம் பையன் மட்டும் எதற்கு என்பது உன் கேள்வி. தொலைபேசியில் பேசினால் உனக்குக் கோபம் வருகிறது, எனக்கு இருமல் வருகிறது, பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன். தமிழ் வாத்தியாராகவும் ஞாயிறுதோறும் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவனாகவும் இருந்த எனக்கு இந்தக் காரியத்தைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம் உண்டு. படித்துவிட்டு நீ ஒப்புக்கொள்ளாமலும் இருக்கலாம்.

குருமடம் என்பது திருச்சபையோடு கூடவே பிறந்தது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. முதல் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு பயிற்சி முறை இருந்ததே இல்லை. மடங்களிலும் பேராலயப் பள்ளிகளிலும் படித்தவர்கள் சிலர், பங்குச் சாமியாரோடு தங்கி ஏதோ கொஞ்சம் லத்தீனும் பூசை முறையும் கற்றுக்கொண்டு பட்டம் பெற்றவர்கள் பலர். அதனால் விளைந்த கேடுகளை எல்லாரும் பார்த்த பிறகுதான், ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563 ஜூலை 15 அன்று, ஒவ்வொரு மறைமாவட்டமும், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பகுதியும், தனக்கென ஒரு குருமடம் அமைக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. பன்னிரண்டு வயதுக்குக் குறையாதவர்களையும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்றும், முக்கியமாக ஏழைகளின் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், பணக்காரர் பிள்ளைகள் தங்கள் செலவில் படிக்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த ஏழைப் பிள்ளைகள் பற்றிய வரி எனக்கு மிகவும் பிடித்தது. பன்னிரண்டு வயது பற்றிய வரி எனக்குப் பிடிக்கவில்லை. மீசை முளைக்காத பையனுக்கு எதைத் துறக்கிறோம் என்பது எப்படித் தெரியும்? நம் தம்பி சித்தூர்க் கல்லூரியில் பி.காம். முடித்து, ஒரு வருடம் கணக்கெழுதிச் சம்பளமும் வாங்கிய பிறகு தானாக வந்து கேட்டவன். அவனை யாரும் அனுப்பவில்லை என்பதை முதலில் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

நாம் இருக்கும் இந்தக் கேரள மண்ணில் இந்த வரலாறு இன்னும் பழையது. திருத்தூதர் தோமாவின் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதும் மார்த்தோமா கிறிஸ்தவர்களிடம் மல்பான் என்ற ஆசிரியரின் வீட்டில் தங்கிச் சிரியாக் மொழியும் வழிபாடும் கற்கும் வழக்கம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சேசு சபைத் துறவியர் சேந்தமங்கலத்தை அடுத்த வைப்பிக்கோட்டையில் குருமடம் வைத்து அதே சிரியாக்கைக் கற்பித்தார்கள். 1663இல் கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போனபோது அவர்கள் உள்நாட்டில் சாலக்குடிக்குப் பக்கத்து அம்பழக்காட்டைத் தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள். சேசு சபைக் குருவான அந்தாவ் தெ புரோவென்சா தொகுத்த தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி அச்சானது அந்த அம்பழக்காட்டில்தான், 1679இல். தமிழ் வாத்தியாரான எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு, சிரித்துக்கொள்.

ஆனால் நம் ஊர்க் கோயில்களுக்கு நேரான கதை கிழக்கே இருந்து வந்தது. 1773இல் சேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபையார் புதுச்சேரியைப் பொறுப்பேற்றார்கள். அவர்கள் அங்கே நடத்திய குருமடந்தான் 1934இல் பெங்களூருக்கு இடம் மாறி, இன்று மல்லேசுவரத்தில் தூய பேதுரு குருமடமாக நிற்கிறது. 1844இல் புதுச்சேரியில் கூடிய மாமன்றம், இந்நாட்டவரிலிருந்தே குருக்களை உருவாக்குவதுதான் தலையாய வேலை என்று தீர்மானித்தது. மறு ஆண்டு உரோமையும் அதையே வலியுறுத்தி எழுதியது. தீர்மானம் எழுதுவது எளிது. செய்யத்தான் மனம் வரவில்லை. இந்தியக் குருவுக்கு ஐரோப்பியக் குருவோடு சமமான இருக்கை கொடுப்பதில் பல மிஷனரிகளுக்குத் தயக்கம் இருந்தது. புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பில் இருந்து, பிறகு 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்ற மரியோன் பிரெசில்லாக் இந்தத் தயக்கத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டினார். சுதேசிக் குருக்களுக்காக அவர் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வது என்ற சச்சரவில் மனச்சாட்சி அமைதி கொள்ளாமல் கோவைப் பொறுப்பைத் துறந்து ஊர் திரும்பினார். 1856இல் லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கி, 1859இல் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் பிறக்கும்வரை நம் பங்குகள் கோவையைச் சேர்ந்தவை. ஆகவே அவரை நான் நம் முன்னோர்களில் ஒருவராகவே எண்ணுகிறேன்.

சாதியைப் பற்றி நீ கேட்காமல் விட்டுவிட்டாய், ஆனாலும் சொல்கிறேன். அது குருமடத்தின் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுவதில்லை. இந்திய ஆயர்களே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். தம்பி அங்கே நல்லவர்களை மட்டுமே சந்திப்பான் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

13ஆம் சிங்கராயர் (லியோ) பாப்பரசர் 1893இல் இந்தியா முழுவதுக்குமாகக் கண்டியில் ஒரு குருமடம் நிறுவினார்; இந்தியாவே, உன் பிள்ளைகளே உன் மீட்பின் பணியாளர்களாவார்கள் என்பது அதன் விருதுவாக்கு. பெல்ஜியச் சேசு சபையார் நடத்திய அந்தக் குருமடம் 1955இல் பூனாவுக்கு மாறியது. கண்டிக் குருமடம் பிறப்பதற்குச் சற்று முன்பு, 1889இல், பிரான்சு நாட்டின் கான் நகரத்தில் ஒரு தாயும் மகளும், ஸ்தேபானி பிகார்டும் ழான் பிகார்டும், மறைபரப்பு நாடுகளின் குருமாணவர்களுக்குப் பணம் திரட்டுவதற்காகத் திருத்தூதர் பேதுரு பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறு அன்று இறையழைத்தலுக்காக மன்றாடும்போது எனக்கு அந்தத் தாயும் மகளும் நினைவுக்கு வருவதுண்டு. தம்பியின் படிப்புக்கு நாம் நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை என்பதற்கு இப்படிப்பட்டவர்களே காரணம்.

கேரளத்தில் நம்மைப் போன்ற லத்தீன் வழிபாட்டு முறையினருக்கு ஆலுவாயில் கார்மல்கிரி குருமடம் இருக்கிறது. புத்தன்பள்ளியில் இருந்து 1930களில் பெரியாற்றங்கரைக்கு வந்த மங்கலப்புழைக் குருமடத்தோடு ஒன்றாக இருந்து, 1990களில் பிரிந்தது. கோவையிலும் பூந்தமல்லியிலும் பெங்களூரிலும் குருமடங்கள் உண்டு. எங்கே படிக்க வைப்பது என்பது ஆயரின் முடிவு. எங்கே போனாலும் அவனுக்கு இரண்டு மொழியும் வேண்டியிருக்கும், ஏனென்றால் நம் ஊர்க் கிழவிகள் தமிழில்தான் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள், பஞ்சாயத்தில் இருந்து வரும் காகிதமோ மலையாளத்தில் இருக்கும். இந்த எல்லைக்கு அப்படி இரண்டு பக்கமும் காது கேட்கும் குருக்கள் தேவை என்பதை நீயும் மறுக்கமாட்டாய்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். முதலில் ஒரு முன்தயாரிப்புக் காலம். அதன் பிறகு திருச்சபைச் சட்டப்படி மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள், அதில் மெய்யியல் இரண்டு, இறையியல் நான்கு. இடையில் ஒரு பங்கிலோ பள்ளியிலோ களப்பணி. அந்த ஆண்டை எல்லாரும் ரீஜென்சி என்றே சொல்கிறார்கள். பிறகு வாசகர், பீடப்பணியாளர் என்ற பணிகள், 23 வயதுக்கு முன் கொடுக்கக் கூடாத திருத்தொண்டர் பட்டம், அதற்கும் குறைந்தது ஆறு மாதம் கழித்து, 25 வயது நிறைந்த பிறகே, குருப்பட்டம். மறைமாவட்டக் குருக்கள் துறவியரைப் போல ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் ஏற்கிறார்கள்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்றும் கேட்டிருந்தாய். விடியுமுன் மணி அடிக்கும். காலைச் செபம், தியானம், திருப்பலி, அதன் பிறகே காலைச் சாப்பாடு; காப்பி இல்லாமல் கண் திறக்காத உன் தம்பிக்கு முதல் தவம் அதுவாகத்தான் இருக்கும். மதியம்வரை வகுப்பு. மாலையில் தோட்ட வேலை, வாரத்துக்கு இன்னாருக்கு இன்ன வேலை என்று பலகையில் எழுதிப் போடுவார்கள், கழிப்பறை கழுவுவதும் அதில் உண்டு. பிறகு கால்பந்தோ கைப்பந்தோ, குளியல், செபமாலை, படிப்பு. இரவுச் செபத்துக்குப் பிறகு காலைவரை பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பங்குகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்வார்கள், நோயாளிகளைப் பார்ப்பார்கள். கைப்பேசிக்கு ஒவ்வொரு குருமடத்திலும் ஒரு சட்டம். நினைத்த நேரத்தில் உன்னால் அவனைக் கூப்பிட முடியாது. அதிபர் என்பவர் குருமடத்தின் தலைவர், வெளி நடத்தையைப் பார்த்து அறிக்கை எழுதுபவர். ஆன்ம குரு என்பவர் வேறு. அவரிடம் மனந்திறந்து சொன்னதைப் பட்டம் கொடுக்கலாமா என்ற ஆலோசனையில் கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இந்த இரண்டு வேலையையும் ஒருவரிடம் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் குருமடத்தின் மிக நுட்பமான ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது: உள்ளே போனவன் திரும்ப முடியுமா? முடியும், அம்மிணி. இவ்வளவு நீண்ட ஆண்டுகளை வைத்திருப்பதே, அவனும் திருச்சபையும் ஒருவரை ஒருவர் பார்த்து, பொருந்தவில்லை என்றால் விலகிக்கொள்வதற்குத்தான். ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பட்டம் ஏற்கச் செய்வதைச் சட்டம் அடியோடு தடுக்கிறது. பட்டத்துக்கு முன் அவன் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, சொந்த விருப்பத்தோடுதான் இதை ஏற்கிறேன் என்று கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கிறார்களே, அப்படியே இவனுக்கும் கோயிலில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்கும் வழக்கமும் இருக்கிறது. நடுவில் திரும்பி வந்தவர்கள் நம் பக்கத்தில் பலர் உண்டு. வாத்தியார்களாக, வக்கீல்களாக, நல்ல குடும்பத் தலைவர்களாக இருக்கிறார்கள். அவர்களை வதைத்தது குருமடம் அல்ல, ஊர்தான். பேருந்து நிறுத்தத்தில் பெட்டியோடு இறங்கியவனை, சாமியாராகப் போனாயே என்ன ஆச்சு என்று கேட்டே கொன்றோம். அந்தக் கேள்விக்குப் பயந்து, மனமில்லாமலேயே பட்டம்வரை போய்விட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஒரு குருமடம் சரியாக நடக்கிறதா என்பதை, எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பதைவிட, திரும்புகிறவர்களை அது எப்படி வழியனுப்புகிறது என்பதை வைத்தே நான் கணிப்பேன்.

செய்தித்தாள்களில் நீ படித்த கொடுமைகளைப் பற்றி எழுதியதற்கும் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அவை நடந்தன, மறைக்கவும் பட்டன. அதனால்தான் 2016 டிசம்பர் 8 தேதியிட்டு உரோமை வெளியிட்ட குருப் பயிற்சி விதிகளில், சிறார் பாதுகாப்புக்கு மிகுந்த கவனம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உளவியல் வல்லுநர்களின் உதவியையும் பரிந்துரைக்கிறது. 1992இல் இரண்டாம் யோவான் பவுல் நான்கு வகைப் பயிற்சிகளைச் சொன்னபோதும் செபம், படிப்பு, மேய்ப்புப்பணி ஆகியவற்றுக்கு அடித்தளமாக மனிதப் பயிற்சியைத்தான் வைத்தார். காகிதத்தில் இருப்பது நடத்தையில் இருக்கிறதா என்று கேட்பது நம் கடமை. அதிபரைப் பார்க்கப் போகும்போது நான் கேட்பேன், அவருக்குப் பிடிக்காவிட்டாலும் கேட்பேன்.

அயர்லாந்தைப் பற்றி ஒன்று. அங்கே ஒரு வீட்டில் ஒரு பையன் சாமியாராவது குடும்ப கௌரவம் என்று நூறாண்டுக்கும் மேலாக இருந்தது. கௌரவத்துக்காக நிறைந்த கட்டடம், கௌரவம் போனதும் காலியானது. நம் பக்கத்திலும் அந்தக் கௌரவம் மெல்லக் குறைகிறது. பிள்ளைகள் ஒன்றிரண்டாகி, கனடாவும் ஜெர்மனியும் கூப்பிடும் காலத்தில் கேரளத்திலும் முன்போல் ஆள் வருவதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வேறு நாலு வழி திறந்திருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்கிறவன், வழியில்லாமல் வந்தவனைவிட உறுதியாக நிற்பான்.

ஜூன் மாதம் சேர்க்கை. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் சான்றிதழ்களும் எங்கள் திருமணச் சான்றும் மருத்துவச் சான்றும் பங்குத்தந்தை கடிதமும் கேட்டிருக்கிறார்கள், எல்லாம் தயார். அதற்குள் நீ அவனிடம் நேராகப் பேசு. உன் எதிர்ப்பை எங்களிடம் சொன்னதுபோலவே அவனிடமும் சொல், மென்று விழுங்காதே. ஆனால் ஒரு வேளை அவன் இரண்டாம் ஆண்டிலோ ஏழாம் ஆண்டிலோ திரும்பிவிட்டால், நான் அப்போதே சொன்னேனே என்று மட்டும் சொல்லாதே. அவன் அறையை வாடகைக்கு விடப்போவதில்லை என்று அம்மா உன்னிடம் எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா