எட்டுத் தூண்டில் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்க ஏரிகளில் ‘கிராப்பி’ என்னும் மீனைப் பிடிப்பதற்காகப் படகின் முகப்பில் ஆறு, எட்டு என்று தூண்டில்களை விசிறிபோல் விரித்துக்கொண்டு ஆமை வேகத்தில் நகரும் முறையைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். தூண்டில் பற்றித் தமிழ் நாளிதழில் அரைப் பக்கம் வருவது அபூர்வம் என்பதால் கத்தரித்தும் வைத்துக்கொண்டேன். ஆயினும், தூண்டில் கூடக்கூட மீனும் அதே கணக்கில் கூடும் என்ற பொருள்பட அதில் எழுதியிருப்பது சரியல்ல. அந்த ஊர்க்காரர்கள் அத்தனை தூண்டிலை நீட்டுவது, முதலில் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கண்டுகொள்வதற்காகவே. இதைச் சொல்லாமல் விட்டதன் விளைவைக் கொள்ளிடத்தில் கண்ணாலேயே பார்த்துவிட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் டென்னசி மாநிலத்தில் உள்ள மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, எனக்குத் தூண்டில் பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை ரீல்ஃபுட் ஏரிக்கு அழைத்துப் போனார். 1811, 1812 ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்களில் தரை தாழ்ந்து உருவான ஏரி அது. அன்று மூழ்கிய காட்டின் அடிமரங்கள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. படகில் ஏறுவதற்கு முன்பே எனக்கும் மீன்பிடி உரிமம் வாங்கியாக வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கரையில் உட்காருவதையே பெரிய ஒழுங்கு என்று நினைத்திருந்த எனக்கு அது புதிதாக இருந்தது.

கிராப்பி வட அமெரிக்க நன்னீர் மீன். வெள்ளை, கருப்பு என்று அதில் இரண்டு இனங்கள் உண்டு. தட்டையான உடம்போடு, பார்வைக்கு நம் ஜிலேபிக் கெண்டையின் ஒன்றுவிட்ட தம்பி போலிருக்கும். உண்மையில் இரண்டும் வேறு வேறு குடும்பம். வாயோரத் தசை காகிதம்போல் மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் தூண்டில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும் என்பதால்தான் நீளமான, நன்றாக வளைந்து கொடுக்கும் கழிகளை வைத்துக்கொள்கிறார்கள். அது கூட்டமாக, பல வேளைகளில் தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஏதோ ஓர் ஆழத்தில் அசையாமல் நிற்கும். கண்கள் மேல்நோக்கி அமைந்திருப்பதால் தன் தலைக்கு மேலே வரும் இரையை எழும்பி வந்து எடுக்குமே தவிர, தனக்குக் கீழே போகும் இரையைத் தேடி இறங்குவது அரிது. ஆகவே இரை ஓர் அடி மேலே போனால் மீன் கிடைக்கும். ஓர் அடி கீழே போனால், அதே இடத்தில் நூறு மீன் நின்றாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இப்போது அந்தப் படகைப் பாருங்கள். முகப்பில் இரண்டு இருக்கைகள், எங்கள் முன்னே தாங்கிகளில் பொருத்திய 12 அடிக் கழிகள் ஆறு. ஒவ்வொன்றிலும் நரம்பு நேர்செங்குத்தாகத் தொங்கியது. அடியில் ஈயக் குண்டு, அதற்கு மேல் உயிருள்ள பொடிமீன் கோத்த முள். மின் மோட்டாரைப் பெரியவர் காலால் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தார். மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம் இருந்தால் அதிகம், கோயில் பிராகாரத்தை வலம் வருகிறவர்கள் எங்களை முந்திவிடுவார்கள். ஆறு நரம்பும் ஆறு வேறு ஆழங்களில் இருந்தன. அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் என் முழங்கையைத் தொட்டு, நடுக்கழியைக் காட்டினார். ஈயத்தின் பாரத்தால் இலேசாக வளைந்திருந்த அதன் நுனி, யாரோ பாரத்தை எடுத்துவிட்டதுபோல் மெல்ல நிமிர்ந்தது. தக்கை அமிழ்வதையே பார்த்துப் பழகிய நான் அதைக் கடி என்றே எண்ணவில்லை. மீன் கீழிருந்து எழும்பி இரையை வாயில் வாங்கும்போது ஈயத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுவதால் கழி நிமிர்கிறது என்று அவர் பிறகு விளக்கினார். அடுத்த கடியும் அதே கழியில்தான். உடனே மற்ற கழிகளின் நரம்பையும் அந்த ஆழத்துக்கே மாற்றினார், இரண்டு கழிகளைச் சுருட்டிப் படகுக்குள்ளேயே வைத்துவிட்டார். ஆழம் தெரிந்த பிறகு அத்தனை தூண்டில் எதற்கு, சிக்கு எடுக்கவா என்று கேட்டார்.

வேகத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள தொடர்பைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். 12 அடி நரம்பு செங்குத்தாகத் தொங்கினால் முள் 12 அடியில் இருக்கும். படகு வேகமெடுத்து நரம்பு 45 பாகை சாய்ந்துவிட்டால், அதே முள் ஏறக்குறைய எட்டரை அடிக்கு ஏறிவிடும். படகில் இருப்பவரோ இன்னமும் 12 அடியில் மீன் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பார். இதனால்தான் அவ்வளவு மெதுவாகப் போகிறார்கள், காற்று அடித்தால் ஈயத்தைக் கூட்டுகிறார்கள். இதில் நமக்குப் புரியாதது ஏதுமில்லை. கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம் என்று பார்த்துத்தான் நம் பண்ணைக்குட்டைகளில் மூன்றையும் சேர்த்து விடுகிறோம். நாகப்பட்டினத்துக் கடல் மீனவர்கள் எதைச் சொன்னாலும் இத்தனை பாகத்தில் என்று ஆழத்தைச் சேர்த்தே சொல்வார்கள். ஆற்றிலும் குளத்திலும் தூண்டில் போடும் நாம்தாம் தக்கையை ஒரு முறை கட்டிவிட்டு, மீன் அதைத் தேடி வரட்டும் என்று இருந்துவிடுகிறோம்.

கட்டுரை வந்த இரண்டாம் வாரம் அணைக்கரைக்கு மேலே கொள்ளிடத்தில் இரண்டு பையன்கள் ஒரு பரிசலில் ஏழு தூண்டில்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அமெரிக்காவிலிருந்து திரும்பிய கையோடு நானும் அதையே செய்தவன். பிவிசி குழாயை அறுத்துத் தாங்கி செய்து, மூங்கில் கழி நான்கை அதில் சொருகி, அண்ணன் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாடகைப் பரிசலில் இறங்கினேன். பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. துடுப்பை ஒரு பக்கம் போட்டதும் அது திரும்பும் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த செய்தி, ஆனாலும் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றியதும் நான்கு தங்கூசியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாகிவிட்டன. அன்றைய மீன்பிடிப்பு பேனாக்கத்தியும் கையுமாகக் கரையில் முடிந்தது.

அடுத்த மாசியில், மேட்டூரை ஜனவரி 28-இல் அடைத்து நீரோட்டம் அடங்கிய பிறகு, தெரிந்தவர் ஒருவரின் ஃபைபர் படகில் மீண்டும் முயன்றேன். ஜல்லி நிரப்பிய சாக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பின்னால் தரையில் இழுபடவிட்டோம். காற்று தள்ளியும் படகு பதவிசாக நகர்ந்தது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது அடிகளில் உயிர் அயிரை கோத்த நான்கு தூண்டில்கள். பத்து அடி ஆழமுள்ள அந்த மடுவில் ஐந்தடிக் கழியை முக்கால் கிலோ வாளை ஒன்று எடுத்தது, சற்று நேரத்தில் அதே கழியை இன்னொன்றும் எடுத்தது. இரண்டு கழிகளைச் சுருட்டினோம். வாளை கிராப்பியைப்போல் நாசூக்கானதல்ல, கழியையே பிடுங்கப் பார்த்தது. ஒரு நாள் அனுபவத்தை விதியாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அன்று நான்கு தூண்டிலும் ஒன்பதடியிலேயே இருந்திருந்தால், மீன் எங்கே நிற்கிறது என்பதை நாங்கள் அறிந்திருக்க மாட்டோம். ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அணைக்கரைப் பகுதிக் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. மெல்ல நகரும் படகின் பக்கவாட்டில் பிடித்த மீனைக் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடுவது அமெரிக்கப் படத்தில் அழகாக இருக்கலாம். இங்கே பிடித்த மீன் படகுக்குள்தான் இருக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். இந்த முறை பிறந்த நாட்டிலேயே தூண்டில் எண்ணிக்கை சில மாநிலங்களில் அவரவர் விருப்பத்துக்கு விடப்படவில்லை. மின்னசோட்டா மாநிலத்தில் பனி உறையாத நீரில் பொதுவாக ஆளுக்கு ஒரே ஒரு தூண்டில்தான். டெக்சாஸில் கிராப்பி பொதுவாக ஆளுக்கு நாளொன்றுக்கு 25, அதுவும் 10 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். நம்மிடம் உள்ள 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் தடுக்கிறது. தூண்டில் எத்தனை என்பது அதில் இல்லை. ஆனால் மாநில அரசு விதி செய்துகொள்ள அதே சட்டத்தில் இடமிருக்கிறது. ஆளுக்கு மூன்று தூண்டில், மடுக்களில் நீர் வற்றும் பங்குனி, சித்திரையில் அதுவும் வேண்டாம் என்று மீன்வளத்துறை இப்போதே வரையறுத்தால், யாரும் ஆத்திரப்படாமல் அது நடைமுறைக்கு வந்துவிடும். படகுக்கு எட்டு என்று பழகிய பிறகு குறைக்கச் சொன்னால் சண்டைதான் வரும்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், வீராணம் ஏரியில் கிராப்பிக் குஞ்சுகளை விட்டுப் பார்க்கலாமே என்றொரு யோசனை போகிறபோக்கில் சொல்லப்பட்டிருந்தது. அதைத் தாங்கள் தயவுசெய்து திரும்பப் பெற வேண்டும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை இல்லாத குளம் ஒன்றை இன்று டெல்டாவில் யாராவது காட்ட முடியுமா? வடவாற்றின் வழியாகக் கொள்ளிடத்து நீர் வந்து சேரும் ஏரி வீராணம். அதன் மதகுகளும் வாய்க்கால்களும் வயல்கள்வரை போகின்றன. அதில் விட்ட மீன் அதிலேயே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வாளையும் விராலும் கெளுத்தியும் இருக்கிற நீரில், மெதுவாகப் போகும் படகையும் ஆழம் பார்க்கும் தூண்டில்களையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அடுத்த இணைப்பில் ஒரு சிறு படம் போடுங்கள்: செங்குத்தாகத் தொங்கும் நரம்பு ஒன்று, சாய்ந்த நரம்பு ஒன்று, இரண்டின் முள்ளும் நிற்கும் ஆழம் அருகே எண்ணில். அந்தப் பரிசல் பையன்கள் தங்கள் நாளிதழின் வாசகர்கள். பழைய படத்தைப் பார்த்துக் கழி கட்டியவர்கள் இதையும் பார்ப்பார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அணைக்கரை